பித்தளை வட்டில் மூவகை எழுத்து

விண்ணின் இயக்கத்தைக் கையளவு வட்டில் அடக்கிக் காட்டிய கருவி அஸ்துர்லாப். கிரேக்கர் வகுத்த கணிதத்தின்மேல் எழுந்த இக்கருவியை இஸ்லாமிய உலகத்து அறிஞர்கள் செம்மையுறச் செய்தனர். கதிரவனின் உயரம், இரவின் நேரம், தொழுகைப் பொழுது ஆகியவற்றை அறிய அது துணைநின்றது. அதில் பொறித்த கோடுகளும் எழுத்துகளும் வானத்தை மட்டுமன்றி, அதனைக் கையாண்ட மாந்தரையும் காட்டுவன. இத்தாலியின் வெரோனா நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கருவி இதற்குத் தக்க சான்று.

முதற்கண் அஸ்துர்லாபின் பொது அமைப்பை அறிதல் வேண்டும். விளிம்பு உயர்ந்த அடித்தட்டினை அரபியர் ‘தாய்’ என்பர். அவ்விளிம்பில் 360 பாகைகள் குறிக்கப்பெறும். அவற்றுக்குரிய எண்களை எழுத்துகளே உணர்த்தும். அலிஃப் 1, யா 10, லாம் 30, மீம் 40 என எழுத்துகளுக்கு மதிப்பளிக்கும் இம்முறை ‘அப்ஜத்’ எனப்படும். தாயின் உட்குழிவில் மெல்லிய தகடுகள் அமையும். தொடுவானமும் உயரவட்டங்களும் அட்சரேகைக்கேற்ப மாறுவதால், ஒவ்வோர் அட்சரேகைக்கும் தனியே கோடுகள் வரைதல் வேண்டும். மேலே சுழலும் வலைத்தகட்டுக்குச் ‘சிலந்தி’ என்று பெயர். அதன் கூர்முனைகள் விண்மீன்களின் இடத்தைச் சுட்டும். பின்புறத்தில் உயரம் அளக்கும் அளவுகோலும் நோக்குச்சட்டமும் உள.

வெரோனாக் கருவி பதினோராம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில் உருவானது என்பதை ஆய்வாளர் ஃபெடரிகா ஜிகாந்தே 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு எடுத்துரைக்கிறது. அதன் ஒரு தகட்டில் ஒருபுறம் கோர்தோபா நகருக்கு 38 பாகை 30 கலை எனவும், மறுபுறம் தொலேடோவுக்கு 40 பாகை எனவும் அரபியில் பொறிக்கப்பட்டுள்ளன. தொழுகை நேரங்களைக் குறிக்கும் கோடுகளும் உள்ளன. பின்னர்ச் சேர்க்கப்பட்ட மற்றொரு தகடு வட ஆப்பிரிக்க அட்சரேகைகளுக்கு உரியது. கருவியோ அதன் உடையவரோ அத்திசை சென்றிருக்கலாம்.

அரபு எழுத்துகளின் அருகே எபிரேய எழுத்துகள் காணப்படுகின்றன. சில ஆழமாகவும் சீராகவும், சில மெலிந்தும் நடுங்கியும் இருத்தலால், எழுதியவர் ஒருவர் அல்லர் என்பது தெளிவு. விருச்சிகம், தனுசு முதலிய இராசிகளின் அரபுப் பெயர்கள் எபிரேயத்தில் பெயர்த்து எழுதப்பட்டுள்ளன. 35 பாகை என்னும் அரபுக் குறிப்பின் மேல் ‘முப்பத்து நான்கரை’ என ஒரு திருத்தமும் உண்டு. யூத அறிஞர் ஆபிரகாம் இப்னு எஸ்ரா 1146இல் அஸ்துர்லாப் பற்றி எபிரேயத்தில் நூல் எழுதியதும் இதே வெரோனாவில்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மூன்றாவதாக, ஐரோப்பிய எண்களை அறிந்த ஒருவர் தகடுகளின்மேல் அட்சரேகை மதிப்புகளைக் கீறித் திருத்தியுள்ளார்.

இதனிடையே அரசுகள் மாறின. தொலேடோ 1085இல் கிறித்தவ மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோவின் ஆட்சிக்குட்பட்டது. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். நிலத்தில் ஒருவர் அடையாளத்தை மற்றவர் துடைத்த காலம் அது. பித்தளை வட்டிலோ அவ்வாறு நிகழவில்லை. தமக்குப் பயன்படாத தொழுகைக் கோடுகளைக்கூடப் பின்வந்தவர்கள் தேய்த்து நீக்கவில்லை. பிழையெனத் தோன்றிய எண்ணையும் அழிக்காது, அதன் மேலேயே தம் கணக்கை எழுதினர். முன்னோர் எழுதியதும் பின்னோர் திருத்தியதும் ஒருங்கே நிற்பதால்தான் இன்று அவ்விரண்டையும் ஒப்பிட்டு அறிய முடிகிறது.