மாசியும் சுங்க எண்ணும்

1340களில் மாலத்தீவில் தங்கியிருந்த பயணி இபன் பதூதா, அங்கிருந்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போன ஒரு மீனைப் பற்றி எழுதிவைத்தார். அதுதான் நம் மாசி.

சூரையைக் குடல் நீக்கி, துண்டுபோட்டு, வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்தால் விறகுக்கட்டைபோல் இறுகிவிடும். குளிர்பெட்டி இல்லாமலே பல மாதம் தாங்கும். மினிக்காய் தீவின் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த வேலை இது. இலங்கைத் தமிழர் அடுப்படியில் மாசிச் சம்பலுக்கு ஓர் இடம் உண்டு.

கடல் கடக்கும் சரக்குக்கெல்லாம் இன்று எண் உண்டு. 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில், உப்பிட்ட, உலர்த்திய, புகையிட்ட மீன்களுக்கு 0305. சமைத்துப் பதப்படுத்தியவற்றுக்கு 1604. எண்ணெயில் அடைத்த டின் சூரை இரண்டாவதில் சேரும். வெறுமனே அவித்த மீனும் அப்படியே.

அப்படியானால் வேகவைத்த மாசி? அதற்கும் வழி இருக்கிறது. புகையிடும் முன்போ, புகையிடும்போதோ வேகவைக்கப்பட்டிருந்தாலும் புகையிட்ட மீன் 0305-லேயே நிற்கும் என்று அந்த எண்ணின் தலைப்பே சொல்கிறது. பழைய கைப்பக்குவங்களுக்கும் இடம் தரும் நல்ல விதி இது.

எண் மாறினால் வரி மாறக்கூடும். சரக்கு துறைமுகத்தில் தேங்கவும் கூடும். ஆகவே மாசி அனுப்பும் சிறு வணிகர்கள் விலைப்பட்டியலில் ‘வேகவைத்து, புகையிட்டு, உலர்த்தியது’ என்று செய்முறையை முழுதாக எழுத வேண்டும்.