புறப்படாத பயணத்தின் கூலி: அச்சாரமும் இரத்தும் குறித்து ஒரு வரலாற்றுப் பார்வை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

விடுமுறை நெருங்கும்போது நம் இல்லங்களில் தங்கும் விடுதி குறித்த பேச்சு எழுகின்றது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ, வசதி வாய்த்தோர் உம்ராவை ஒட்டி மதீனாவுக்கோ அறை தேடுகின்றனர். ஒரே அறைக்கு இரு விலைகள் தென்படுகின்றன. குறைந்த விலைக்கு எடுத்தால், இரத்துச் செய்யும்போது ஒரு காசும் திரும்பாது. கூடிய விலைக்கு எடுத்தால், குறித்த நாள்வரை இழப்பின்றி விட்டுவிடலாம். நாம் பெரும்பாலும் குறைந்த விலையையே தேர்கின்றோம். பிறகு வீட்டில் ஒருவர் நோயுற்றுப் பயணம் நின்றுபோனால், "தங்காத அறைக்குப் பணம் எடுத்துக்கொள்வது ஹலாலா?" என்று கேட்கின்றோம்.

கேள்வி நியாயமானதே. ஆனால் புதியதன்று. நம் முன்னோர் இதனை 1300 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து விவாதித்துள்ளனர்.

கூஃபாவின் வழக்கு

அக்காலப் பயணி, தங்கும் இடத்தை முன்பதிவு செய்ததில்லை. ஃபுந்துக், கான் எனப்பட்ட வழித்தங்கல்களில் வந்தவருக்கு இடம் கிடைத்தது. முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியிருந்தது ஒட்டகத்தைத்தான். ஆகவே இரத்துக் கட்டணம் பற்றிய பழைய வழக்கும் ஒட்டகத்தைப் பற்றியதாகவே இருக்கின்றது.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் நூலில் நிபந்தனைகள் பற்றிய பகுதியில், இப்னு ஸீரீன் (ரஹ்) வழியாக இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார்கள். ஒருவர் வாடகை ஒட்டகக்காரரிடம், வாகனங்களைத் தயார் செய்து வைக்குமாறும், குறித்த நாளில் தாம் புறப்படாவிடில் 100 திர்ஹம் தருவதாகவும் கூறினார். அந்நாளில் அவர் புறப்படவில்லை. காழீ ஷுரைஹ் (ரஹ்) அவர்கள், எவருடைய வற்புறுத்தலுமின்றி மனமுவந்து தம்மீது ஒரு நிபந்தனையை ஏற்றுக்கொண்டவர் அதற்குக் கட்டுப்பட்டவரே என்று தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்களால் கூஃபாவின் காழீயாக நியமிக்கப்பட்டு, நீண்ட காலம் அப்பதவியில் இருந்தவர் ஷுரைஹ்.

ஒட்டகக்காரருக்கு என்ன இழப்பு? இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் விளக்குகின்றார்கள்: ஒட்டகங்கள் மேய்ச்சலில் இருக்கும். பயண நாள் உறுதியானதும் அவற்றை ஊருக்கு ஓட்டி வருவர். பயணி வராவிடில் தீவனச் செலவு ஒட்டகக்காரரின் தலையில் விழும். வேறு விருந்தினரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஓர் அறையைப் பூட்டி வைத்திருக்கும் விடுதிக்காரரின் நிலையும் இதுவே. எனினும், இந்தத் தீர்ப்பைப் பிற்கால அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அச்சாரம் பற்றிய கருத்து வேறுபாடு

நாம் அச்சாரம் என்பதை அரபியர் 'உர்பூன்' என்பர். பொருளை வாங்கினால் அத்தொகை விலையில் கழியும்; வாங்காவிடில் விற்றவருக்கே சேரும். நபி (ஸல்) அவர்கள் இத்தகைய விற்பனையைத் தடுத்ததாக ஒரு ஹதீஸ் முவத்தாவிலும் அபூதாவூதிலும் இடம்பெற்றுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் அறிஞர் பலரின் கருத்து. ஆயினும் ஹனஃபீ, மாலிகீ, ஷாஃபிஈ மத்ஹபுகள் இவ்விற்பனையை அனுமதிக்கவில்லை. ஈடாக எதையும் கொடுக்காமல் பிறர் பொருளை உண்ண நேரிடும் என்பது அவர்களது அச்சம்.

இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் மாறுபட்டார்கள். அவர்களுக்கு ஆதாரமாக அமைந்தது மக்காவில் நிகழ்ந்த ஒரு கொடுக்கல் வாங்கல். உமர் (ரலி) அவர்களின் ஆளுநராக மக்காவில் இருந்த நாஃபிஉ இப்னு அப்தில் ஹாரிஸ் (ரலி), சிறைச்சாலைக்காக ஸஃப்வான் இப்னு உமையா (ரலி) அவர்களிடம் ஒரு வீட்டை வாங்கினார். கலீஃபா இசைந்தால் விற்பனை உறுதி. இசையாவிடில் ஸஃப்வானுக்கு 400 உரியது என்பது உடன்பாடு. முடிவு தெரியும்வரை வீட்டை வேறெவருக்கும் விற்காமல் காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

1993ஆம் ஆண்டு புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இவ்விவகாரத்தை ஆராய்ந்தது. காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் அச்சாரம் கூடும் எனவும், வாடகைக்கும் அது பொருந்தும் எனவும் முடிவு செய்தது. இன்றைய விடுதி முன்பணத்தை ஆலிம்கள் ஆராயும்போது இத்தீர்மானம் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றது.

தக்க காரணம் இருந்தால்?

பயணம் நின்றதற்கு நியாயமான காரணம் இருந்தால் சட்டம் மாறுமா? இங்கே தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் இரு மத்ஹபுகளும் வெவ்வேறு வழியில் செல்கின்றன.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் பரவியுள்ள ஷாஃபிஈ மத்ஹபில், வாடகைக்கு எடுத்தவரின் சொந்தக் காரணத்தால் ஒப்பந்தம் முறியாது. வாடகைப் பொருள் பயனற்றுப்போனால்தான் முறியும். உள்நாட்டு ஊர்களில் பரவலாக உள்ள ஹனஃபீ மத்ஹபோ 'உத்ர்' எனும் தக்க காரணத்தை ஏற்கின்றது. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவில் அழகிய விளக்கம் உண்டு. சவாரிப் பிராணியை வாடகைக்குப் பேசியவர் பயணத்தைக் கைவிடலாம். அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட எண்ணி, அதற்குரிய காலம் கடந்திருக்கலாம். கடனாளியைத் தேடிச் செல்ல எண்ணியிருக்க, அக்கடனாளியே வந்து சேர்ந்திருக்கலாம். வாணிபத்துக்குச் செல்ல எண்ணி, கையில் பொருள் இல்லாது போயிருக்கலாம். ஆனால் பிராணிக்காரர் மனம் மாறினால் அது காரணமாகாது. அவர் தம் பணியாளை அனுப்பலாம் அல்லவா!

பொதுவான பேரிடரின்போது மார்க்கத்தின் தொனி மேலும் கனிகின்றது. விற்ற கனிகள் இயற்கைச் சீற்றத்தால் அழிந்துபோனால், வாங்கிய சகோதரனின் பணத்தை எந்த உரிமையில் எடுத்துக்கொள்வது என்று நபி (ஸல்) அவர்கள் வினவிய செய்தியை ஜாபிர் (ரலி) அறிவிக்க, முஸ்லிம் நூலில் காண்கின்றோம். 2020 பிப்ரவரி 27 அன்று வெளிநாட்டு உம்ரா பயணிகளின் வருகையை சவூதி அரேபியா நிறுத்தியபோது, பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த குடும்பங்களுக்கு இந்த வினாவின் கனம் புரிந்தது.

இலண்டனில் ஒரு வாடகை அறை

இந்தியாவின் ஒப்பந்தச் சட்டம் ஆங்கிலேய மரபில் வந்தது. அம்மரபிலும் அறை வாடகை பற்றிய புகழ்பெற்ற வழக்கு ஒன்றுண்டு. 1902 ஜூன் 26, 27 தேதிகளில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு ஊர்வலங்களைக் காண்பதற்காக, ஹென்றி என்பவர் கிரெல் என்பவரின் அறைகளை 75 பவுண்டுக்குப் பேசி, 25 பவுண்டு முன்பணம் கொடுத்தார். மன்னர் நோயுற்றார், ஊர்வலம் நடைபெறவில்லை. எஞ்சிய 50 பவுண்டைக் கேட்டு கிரெல் வழக்குத் தொடுத்தார். ஒப்பந்தத்தின் அடிப்படை நோக்கமே இல்லாது போனதால் அதைத் தர வேண்டியதில்லை என 1903இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுத்த 25 பவுண்டைத் திரும்பக் கேட்ட கோரிக்கையை ஹென்றியே கைவிட்டார். மீதத்தொகை நீங்கியது, அச்சாரம் போயிற்று.

நாம் எடைபோட வேண்டியது

இவற்றிலிருந்து நமக்குத் தெளிவாவது ஒன்று. நிபந்தனையை அறிந்து, மனமுவந்து ஏற்றுக்கொண்ட பின் அதனை அநியாயம் என்பது எளிதன்று. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகின்றது. ஆகவே சிந்திக்க வேண்டிய நேரம் பணம் கட்டுவதற்கு முந்தைய நேரமே.

கணக்கிட்டுப் பாருங்கள். திரும்பாத அறை 12,000 ரூபாய், திரும்பும் அறை 15,000 ரூபாய் எனில், பயணம் நின்றுபோகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் கூடிய விலையே இலாபம். முதிய பெற்றோரும் கைக்குழந்தையும் உடன் வரும் பயணத்திலும், விசாவோ விடுப்போ உறுதியாகாத நிலையிலும் அந்த வாய்ப்பு சிறியதன்று. கடைசி நாள் எது, அது எந்த ஊரின் நேரப்படி, இரத்துச் செய்தால் போவது ஓர் இரவின் கட்டணமா முழுத் தொகையா, இடைத்தரகர் தனிக் கட்டணம் பிடிப்பாரா என்பவற்றை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேதியை மாற்றித் தருவார்களா என்றும் கேளுங்கள். பணம் திரும்பாத இடத்திலும் சில வேளை தேதி மாறும்.

நம்மில் விடுதியும் திருமண மண்டபமும் நடத்துவோர் பலர். அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. ஒப்பந்தத்திலிருந்து விடுபட வேண்டி நிற்பவரை விடுவிப்பதற்கு 'இகாலா' என்று பெயர். அவ்வாறு விடுவிப்பவரின் தவற்றை அல்லாஹ் மன்னிப்பான் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. விட்டுச் சென்ற அறை அன்றிரவே வேறொருவருக்குப் போய்விட்டதெனில், முன்னவரின் பணத்தை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரலாம். திருப்பிக் கொடுப்பதில்தான் மறுமையின் இலாபம் இருக்கின்றது.

தனிப்பட்ட வழக்குகளில் தத்தம் மத்ஹபின் ஆலிம்களை அணுகிக் கேட்டுக்கொள்க. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.