திரை, சைக்கிள், கடைசி பஸ்

பெங்களூருக்கு வேலைக்குப் போன புதிதில் அறைத்தோழி ஒருத்தி கேட்டாள்: "உங்க புதுக்கோட்டையில பப், கிளப் எதுவுமே கிடையாதா? அப்போ காலேஜ்ல என்னதான்டி பண்ணுனீங்க?"

ரோஷம் வந்துவிட்டது. சித்தன்னவாசல், நார்த்தாமலை, பஸ் ஸ்டாண்ட் டீக்கடை, திருக்கோகர்ணம் மியூசியம், ஞானாலயா நூலகம் என்று அடுக்கினேன். "ராத்திரி முழுக்க ஆட்டம் பாட்டம் வேணும்னா எங்க ஊர் திருவிழாவுக்கு வா" என்றும் சொன்னேன். பொய்யில்லை. புதுக்கோட்டை, ஸ்பெஷல் நாடகக்காரர்களின் ஊர். பங்குனி, சித்திரையில் கிராமத்துப் பொட்டலில் பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் எழும். பபூன் வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போவார். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் முற்றும்போது கோழி கூவிவிடும். கல்லூரிப் பையன்கள் கூட்டமாகப் போய், மறுநாள் முதல் வகுப்பில் தூங்கி வழிவார்கள்.

சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது. அதில் பாதி நான் பார்த்ததே இல்லை. பையன்கள் சொல்லக் கேட்டது. ஆறு மணிக்கு மேல் எனக்குத் தெரிந்த புதுக்கோட்டை, எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ்ஸின் ஜன்னல் அளவுதான்.

ஆகவே, கிளப் இல்லாமல் எப்படி சந்தோஷமாக இருந்தீர்கள் என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: யார் இருந்தார்கள்?

தொண்டைமான் சமஸ்தானத்தின் திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1880-இல் தொடங்கியது இன்றைய மன்னர் கல்லூரி. திருமயத்தில் 1887-இல் பிறந்த சத்தியமூர்த்தி இங்கே படித்தவர். பின்னாளில் காங்கிரஸின் பெரிய பேச்சாளர். சென்னையில் சுகுண விலாச சபையின் மேடைகளில் வேஷம் கட்டி நடித்த நாடகப் பிரியரும்கூட. படிப்பு, அரசியல், கலை, நண்பர் கூட்டம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்த வாழ்க்கை அவருக்குக் கிடைத்தது.

அவருக்கு ஒரு வயது மூத்தவர் முத்துலட்சுமி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தில் வந்தவர். மகள் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்களாம். தாயின் குலத்தையும் இழுத்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்தான் எதிர்ப்பை ஒதுக்கி இடம் கொடுத்தார். கல்லூரியின் முதல் மாணவி அவர். மூடிய வண்டியில் வருவார், வகுப்பில் அவருக்கும் பையன்களுக்கும் நடுவே ஒரு திரை தொங்கும் என்று சொல்வார்கள். பாடம் கேட்கலாம். பக்கத்து பெஞ்சோடு பேசவோ, ஒரு ஜோக்குக்குச் சேர்ந்து சிரிக்கவோ வழியில்லை.

1907-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1912-இல் டாக்டர் ஆனார். சட்டமன்றம், தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று பிறகு நடந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நான் நினைத்துக்கொள்வது அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைத்தான். சாதனையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அவளுக்குக் கிடைக்காமல்போன அரட்டையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

திரை எப்போது விலகியது? சட்டப்படி சீக்கிரமே. தெருவில் விலக இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு ஒரு சைக்கிள் தேவைப்பட்டது.

1990-களின் தொடக்கத்தில் கலெக்டர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுக்கப் பரவியது. எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் படித்த இளைஞர்களும் இளம்பெண்களும் சம்பளம் இல்லாமல் இறங்கினார்கள். வகுப்பு பெரும்பாலும் சாயங்காலம், வேலை முடிந்தபிறகு. வீதி நாடகம், பாட்டு, கலைப்பயணம் எல்லாம் உண்டு. பஸ் வராத ஊருக்கு எப்படிப் போவது? சைக்கிள். அதையும் பாடத்தில் ஒன்றாகவே சேர்த்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தில் சுமார் 1,500 பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டையை வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம், அதுவும் வசதிதான். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். பெடல் நிற்கவில்லை.

இதை எழுத்தறிவுச் சாதனை என்றுதான் சொல்வது வழக்கம். எனக்கு வேறொன்றும் தெரிகிறது. பொழுது சாய்ந்தபிறகு பெண்கள் கூட்டமாக வெளியே இருக்க, கூடிப் பாட, சிரித்துக்கொண்டே வீடு திரும்ப இந்த ஊர் பெரிய அளவில் சம்மதித்த தருணம் அது. "அறிவொளிக்குப் போறேன்" என்றால் போதும், வீட்டில் மறுபேச்சு குறைவு. ஒரு நல்ல காரியத்தின் பெயரைச் சொல்லித்தான் சந்தோஷத்தையும் வாங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பையன்களுக்கு டீக்கடைக்குப் போக எந்தக் காரணமும் தேவைப்பட்டதில்லையே.

கிளப் இல்லாதது எங்களுக்கு ஒரு குறையே இல்லை. கூடிப் பேச ஒரு குளத்துப் படிக்கட்டு போதும், மலைப்பாறை போதும், நாலு பேருக்கு இரண்டு டீ போதும். ஆனால் "எங்க ஊர்ல அதெல்லாம் இல்லாமலே ஜாலியா இருந்தோம்" என்று பெருமை பேசும்போது, அந்த 'இருந்தோம்' யார் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

போன சித்திரையில் ஊருக்குப் போனபோது நானும் இரண்டு தோழிகளும் ஸ்கூட்டியில் போய் நாடகம் பார்த்தோம். அம்மாவைக் கூப்பிட்டேன், அவளும் வந்தாள். வள்ளி தர்க்கத்தில் நாரதரை மடக்கியபோது முதலில் கைதட்டியது அம்மாதான். விடியும்வரை அவள் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.