மணலிக்கரையிலிருந்து கிளம்பிய கட்டு

அந்தக் கட்டில் 105 ஏடுகள். மொழி சமஸ்கிருதம், எழுத்து பழைய மலையாளம். பத்து நாடகங்கள் இருந்தன. பதினொன்றாவது தொடங்கிய இடத்திலேயே நின்றுபோயிருந்தது. எழுதிய கவியின் பெயர் மட்டும் முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை எங்கும் இல்லை.

பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில், மணலிக்கரை மடத்தில் அது கிடந்தது. மடம் என்றதும் காவித்துணியை நினைக்க வேண்டாம். போற்றிமார் என்கிற பிராமணர் வீட்டையும் மடம் என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். அசல் நாஞ்சில் நாட்டுக்காரரிடம் கேட்டால் மணலிக்கரையைத் தன் கணக்கில் சேர்க்கவும் மாட்டார். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் அவருக்கு நாடு; கல்குளம் வந்தால் வேணாடு. வெளியூர்க்காரர்களுக்கு எல்லாமே நாகர்கோவில் பக்கம்தான். அவர்கள் வசதிக்காக நாமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

சின்ன ஊர்தான், ஆனால் எழுத்துக்குப் பேர்போனது. கொல்லம் ஆண்டு 410, அதாவது கி.பி. 1235-ல் வேணாட்டு அரசன் ரவிகேரளவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. விளைச்சல் பொய்த்துப்போன ஆண்டில் ஊர்ச்சபையார் வயலைப் பார்த்து வரியைக் குறைத்து வாங்குவது பற்றிய ஏற்பாடு அதில் இருக்கிறது. அதை வாசித்து உலகுக்குச் சொன்னவர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை. கல்லை வாசிக்க 1890-களில் ஆள் வந்துவிட்டது. ஓலையை வாசிக்க இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கட்டுக்கு அப்போதே முந்நூறு வயதுக்கு மேல் என்று பிறகு கணித்தார்கள். 1601 வாக்கில் பத்மநாபபுரம் அரண்மனை எழுந்ததாகச் சொல்வார்கள். ஏறக்குறைய அதன் கூட்டாளி என்று வைத்துக்கொள்ளலாம். யாரோ ஒருவர் முற்றாத, இளசும் அல்லாத ஓலையாகப் பார்த்து வெட்டி, ஈர்க்கு நீக்கி, பக்குவப்படுத்தி, நிழலில் உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கி, இடது கையில் ஏந்திக்கொண்டு எழுத்தாணியால் கீறியிருக்கிறார். கீறிய எழுத்து அப்படியே கண்ணுக்குத் தெரியாது. கரியும் எண்ணெயும் குழைத்துத் தடவித் துடைத்த பிறகுதான் எழும்பி வரும். அவர் பெயரும் நமக்கு வரவில்லை.

அவர் பிரதி எடுத்தது எதைப் பார்த்து? இன்னொரு ஓலையைப் பார்த்து. அந்த ஓலை அதற்கு முந்தியதைப் பார்த்து. கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்குமாக இரண்டு மழை பெய்கிற சீமை இது. பூஞ்சையும் செல்லும் ராமபாணப் பூச்சியும் விட்டுவைத்து ஓர் ஓலை முந்நூறு ஆண்டு தாக்குப்பிடித்தால் பெரிய காரியம். இந்த நாடகங்களை எழுதியவர் காளிதாசனுக்கும் முந்தியவர் என்றால், குறைந்தது நாலைந்து தடவையாவது யாரோ உட்கார்ந்து முழுசாகப் பெயர்த்து எழுதியிருந்தால்தான் கதை மணலிக்கரை வரைக்கும் வந்திருக்க முடியும். அதில் ஒரே ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் போதும், முடிந்தது.

1908-ல் திருவிதாங்கூர் அரசு, சுவடிகளைத் தேடி அச்சேற்றுவதற்கென்றே ஒரு துறையை ஏற்படுத்தியது. மூலம் திருநாள் மகாராஜா காலம். பொறுப்புக்கு வந்தவர் த. கணபதி சாஸ்திரி, நம்ம திருநெல்வேலிச் சீமைத் தருவைக்காரர், 1860-ல் பிறந்தவர். இதே நெல்லைப் பாதைகளில் சற்று முன்புதான் உ.வே.சா. ஏடு தேடி அலைந்திருந்தார். சுவடி தேடுகிறவனுக்கு அந்தக் காலத்தில் முதல் எதிரி செல் இல்லை, பக்தி. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்கள் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சா. நொந்துபோனதை அவரே எழுதியிருக்கிறார்.

கணபதி சாஸ்திரி 1909-ல் சுற்றுப்பயணமாகப் போனபோது மணலிக்கரைக் கட்டு கையில் கிடைத்தது. பிரித்து வாசித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். முதலில் இருந்த நாடகம் ஸ்வப்ன நாடகம்: உதயணன், வாசவதத்தை, கனவு. நம்மூரில் பெருங்கதை சொல்லும் அதே உதயணன்தான். ஸ்வப்னவாசவதத்தம் என்ற பெயரைப் பண்டிதர்கள் காலங்காலமாகக் கேட்டிருந்தார்கள். இயற்றியவர் பாசன். தன் முதல் நாடகத்தின் தொடக்கத்திலேயே காளிதாசன் மரியாதையோடு குறிப்பிடும் முன்னோடி. பாணன் ஹர்ஷசரிதத்தில் புகழ்கிறான். பாசனின் நாடகங்களை நெருப்பில் போட்டுப் பார்த்தார்கள், ஸ்வப்னவாசவதத்தம் மட்டும் எரியவில்லை என்று ராஜசேகரன் பேரில் ஒரு சுலோகம் வழங்குகிறது. பெயர் இருந்தது, புகழ் இருந்தது, நூல் இல்லை. நெருப்பு எரிக்காத நாடகம் என்று வடக்கே கதை. நெருப்பில் போட்ட ஏடு எரிந்தே தீரும் என்று கரிவலம்வந்தநல்லூர் அனுபவம். இரண்டையும் தெரிந்துவைத்திருந்தவருக்கு இந்தக் கட்டின் விலை புரிந்திருக்கும்.

ஒரு கட்டோடு அவர் நிற்கவில்லை. கடுத்துருத்திக்குப் பக்கத்தில் கைலாசபுரத்தைச் சேர்ந்த கோவிந்தப் பிஷாரடி என்ற ஜோதிடரிடமிருந்து அபிஷேக நாடகமும் பிரதிமா நாடகமும் கிடைத்தன. பதினொன்றாவதாகத் தொடங்கி நின்ற தூதவாக்கியமும் முழுசாயிற்று. ஆக மொத்தம் பதின்மூன்று. 1912 முதல் 1915 வரை அனந்தசயன கிரந்தாவளி என்ற திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் ஒவ்வொன்றாக அச்சாகி வெளிவந்தன. முந்நூறு ஆண்டு ஒரு வீட்டுக்குள் இருந்தது, மூன்று ஆண்டில் லண்டனுக்கும் பெர்லினுக்கும் போய்ச் சேர்ந்தது.

போன இடத்தில் சண்டை மூண்டது. ஏட்டில் பெயரே இல்லையே, பாசன் என்று எப்படிச் சொல்கிறாய் என்றார்கள். சாஸ்திரியின் வாதம், ஒரு வீட்டுப் பிள்ளைகளை முகச்சாயலால் சொல்வதைப் போன்றது. எல்லா நாடகமும் நாந்தி என்கிற தொடக்க வாழ்த்து முடிந்து சூத்திரதாரன் நுழைவதில் தொடங்குகிறது; மற்றவர்கள் பிரஸ்தாவனை என்கிற முன்னுரையை இவை பெரும்பாலும் ஸ்தாபனை என்கின்றன; நடை ஒன்று, சில வரிகள் கூடத் திரும்ப வருகின்றன; இவற்றில் ஒன்று பாசனுடையது என்றால் மீதியும் அவனுடையதே. மறுத்தவர்களில் பிஷாரடி பண்டிதர்கள் (ஜோதிடர் இல்லை, வேறு ஆட்கள்) இவை கேரளத்தில் கூத்து ஆடும் சாக்கியார்கள் மேடைக்காக வெட்டி ஒட்டிய பிரதிகள் என்றார்கள். எனக்குப் பிடித்த கட்சி எல்.டி. பார்னெட்டுடையது. நாடக முடிவில் வரும் வாழ்த்தில் ராஜசிம்மன் உலகாளட்டும் என்று வருகிறதல்லவா, அந்த ராஜசிம்மன் ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன், இவை அவன் காலத்து நாடகங்கள் என்றார். ஒருவேளை அது சரியாக இருந்தால், மதுரைக்குத் தெற்கே பிறந்து தெற்கிலேயே கிடைத்த சரக்கு என்றாகிவிடும்! ஆனால் பலர் அதை ஏற்கவில்லை. வழக்கு இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. வுல்னரும் லட்சுமண் சரூப்பும் 1930-31-ல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, பாசனுடையவை எனப்படும் பதின்மூன்று திருவனந்தபுரம் நாடகங்கள் என்று தலைப்பு வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள். மணலிக்கரை என்ற பெயர் அந்தத் தலைப்பில் ஏறவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொலைந்துபோன நாடகங்கள் கிடைத்தன என்று உலகம் கொண்டாடியபோது, கேரளத்துக் கூத்தம்பலங்களில் சாக்கியார்கள் இவற்றின் அங்கங்களை ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அபிஷேக நாடகத்தின் மூன்றாம் அங்கம் அவர்களுக்குத் தோரணயுத்தம். பிரதிஜ்ஞாயௌகந்தராயணத்தின் மூன்றாம் அங்கம் மந்திராங்கம். முறைப்படி ஆட 41 நாள் பிடிக்கும். பண்டிதர் வீட்டில் தேடப்பட்ட நூல் விதூஷகன் வாயில் இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பதின்மூன்றில் ஒன்றான ஊருபங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. தொடை முறிந்த துரியோதனன் மேடையிலேயே சாகிறான். பார்க்கிறவனுக்குக் கண் கலங்குகிறது. மேடையில் சாவு கூடாது என்பது பரத சாஸ்திரம். ஆனால் வடதமிழ்நாட்டில் திரௌபதையம்மன் கோவில் படுகளம் பார்த்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இராது. அங்கேயும் மண்ணில் கிடக்கிற துரியோதனனைச் சுற்றித்தான் கூட்டம். ஏட்டிலிருந்து இறங்கிய இந்த நாடகத்தைக் காவாலம் நாராயணப் பணிக்கர் திருவனந்தபுரத்திலும் ரத்தன் தியாம் மணிப்பூரிலும் தங்கள் தங்கள் மண்ணின் அடவுகளோடு மறுபடி மேடையேற்றினார்கள்.

கட்டு கிளம்பிய ஊர், 1956 நவம்பர் 1-ந்தேதி, மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. அதை அச்சேற்றிய துறையும் அதன் சுவடிச் சேகரமும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கேரளத்திலேயே தங்கிவிட்டன. இன்றைக்கு அது காரியவட்டத்தில் இருக்கிற கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும். பத்மநாபபுரம் அரண்மனையோ நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளம். எல்லை போட்டவர்கள் வைத்துவிட்டுப் போன கணக்குகள் இவை. இந்தப் பாதையில் ஒழுங்காகப் போய்த் திரும்புகிறவள் ஒருத்தி மட்டுமே. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் துணைவர, ஆண்டுதோறும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போகிறாள். களியக்காவிளையில் இரண்டு மாநிலத்துப் போலீசும் மரியாதை செய்ய எல்லை தாண்டுகிறாள். விழா முடிந்ததும் ஊருக்கு வந்துவிடுகிறாள்.

நாஞ்சில் நாட்டுக்குள்ளேயே கிளம்பிய ஓலைகளும் உண்டு. அழகியபாண்டியபுரம் பெரிய வீட்டு முதலியார்கள் இந்த நாட்டின் வரி, நிலம், வழக்கு எல்லாவற்றிலும் கை வைத்திருந்த குடும்பம். அவர்கள் வீட்டு ஓலைகளைப் பிரித்து வாசித்துப் பிரதி செய்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. கவிமணி என்றால் குழந்தைப் பாட்டு என்றே நமக்குப் பழக்கம். தேரூரில் பிறந்த இந்த வாத்தியார் கல்வெட்டும் ஓலையும் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஆள். முதலியார் வீட்டு ஓலைகள் கேரளா சொசைட்டி பேப்பர்ஸ் இதழில் ஆங்கிலத்தில் வந்தன. வெகுகாலம் கழித்து அந்த ஓலைகளை அ.கா. பெருமாள் தமிழில் புத்தகமாக்கினார். அதில் வாசவதத்தை இல்லை, கனவு இல்லை. நிலம் விற்றது, கடன் பட்டது, வரி கட்ட முடியாமல் நாட்டார் கூடிப் பேசியது, ஆளையே அடிமையாக எழுதிக்கொடுத்தது. பாசனின் ஏட்டுக்காக ஐரோப்பாவே சண்டை போட்டது. இந்த ஏட்டுக்குச் சண்டை போட யாரும் வரவில்லை, ஆனால் எங்கள் பாட்டன் பூட்டன் எப்படி இருந்தான் என்று சொல்வது இதுதான். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று என்னிடம் கேட்டால் கொஞ்சம் திண்டாடிப்போவேன்.

இன்னும் பல வீடுகளில் கட்டுகள் இருக்கின்றன. ஆசான்மார் வீடுகளில் வர்மச் சுவடி, அண்ணாவிமார் வீடுகளில் வில்லுப்பாட்டுக் கதை, வைத்தியர் வீடுகளில் மருந்து முறை. சரஸ்வதி பூசையன்று பரணிலிருந்து இறக்குவார்கள். துணியை அவிழ்த்து, நாராசக் கம்பியை உருவாமலே, மேல் ஏட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஈரச் சந்தனம் ஓலைக்கு ஆகாது. புல்தைலம் தடவுவதுதான் நூலகத்தார் வழக்கம். சின்னப் பையன்கள் தொட்டால் அதட்டு விழும். வாசிக்கத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் தாத்தாவோடு போயிருப்பார். பூசை முடிந்து, பொரியும் அவலும் எல்லோருக்கும் பங்கு வைத்த பிறகு, பழைய துணியிலேயே சுற்றி மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள்.