செங்குரங்குக் கூட்டத்தில் உறவும் பழக்கமும்

மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளைக் குகைக் கோயிலின் படிகளிலும் சிகிரியாவின் அடிவாரச் சோலைகளிலும், யாத்திரிகர் கையிலுள்ள பழத்தின்மேற் கண்வைத்துக் குழுமியிருக்கும் செங்குரங்குகளைக் காண்பவருக்கு அக்கூட்டம் ஒழுங்கற்ற சந்தடியாகவே தோன்றுமாயினும், யார் யாருக்கு வழிவிடுவது, யார் யாருக்குப் பேன் பார்ப்பது, சண்டை மூண்டால் யார் யார் பக்கம் நிற்பது என்பனவெல்லாம் அதனுள் முன்பே வகுபட்டிருக்கின்றன. இலங்கைக்கே உரிய இவ்வினத்தைப் பற்றிய நம் அறிவின் பெரும்பாகம், அயல் மாவட்டமான பொலன்னறுவையில் 1968இல் வொல்ஃப்காங் டிட்டஸ் தொடங்கிய நெடுங்கால ஆராய்ச்சியின் பயன். மாத்தளையின் வடபாகத்து உலர் வலயக் காடுகளில் வாழ்வதும் அதே கிளையினமாதலால், அம்முடிவுகளை இங்கும் பொருத்திப் பார்க்கலாம்.

மந்தி பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து மடிகிறது. கடுவனோ பருவமெய்துங்கால் தாய்க் கூட்டத்தை நீங்கி அந்நியரிடையே புகுகிறது. ஆகவே தாய், மகள், பேத்தி என்ற தாய்வழிக் குடும்பமே கூட்டத்தின் ஸ்திரமான அங்கம். தாயின் அந்தஸ்தை மகளும் அடைகிறாள். அதிலும், சண்டையில் தாய் இளையவளுக்கே பரிந்து வருவதால், தங்கை அக்காளுக்கு மேற்படியில் அமர்ந்துவிடுகிறாள். ஜப்பானியக் குரங்குகளிடம் இவ்விதியை ஆய்வாளர் கவாமுரா 1958இல் விவரித்தார். கூட்டம் பெருத்து இரை போதாதபோது நேரும் பிளவும் பெரும்பாலும் தாய்வழிக் குடும்பங்களின் எல்லையைத் தழுவியே செல்கிறது. பிரிந்து போகிறவை தாழ்ந்த அந்தஸ்துடைய குடும்பங்களே என்பது டிட்டஸின் முடிவு.

இவையனைத்தும், இரத்த சம்பந்தமுடையோருக்கு உதவுவது தன் பரம்பரைக்கே உதவுவதாகும் என்ற உயிரியலாளர் ஹமில்டனின் 1964ஆம் ஆண்டுச் சித்தாந்தத்துக்கு இயைந்து நிற்பதாற்போலும், பலர் அத்தோடு விசாரணையை முடித்துவிடுகின்றனர். ஆனால் உறவினர் ஒருவருமில்லாத கூட்டத்திற் புகும் கடுவன் எதைப் பற்றி நிற்கிறான்? உகண்டாவின் கிபாலே வனத்துச் சிம்பன்சிகளுள் ஒத்துழைக்கும் ஆண்களிற் பெரும்பாலோர் நெருங்கிய உறவினரல்லர் என்பது 2007இல் மரபணுச் சோதனையால் தெரிந்தது. தாய்லாந்தின் அசாமியக் குரங்குகளிலோ, உறவற்ற கடுவன்களின் நட்பு அவற்றின் சந்ததிப் பெருக்கத்துக்கே துணையாவதை 2010இல் கண்டனர். நம் செங்குரங்கும் நல்ல இரையைக் கண்டு குரலெழுப்பும்போது, ஓடிவருவோருள் உற்றாரும் அயலாரும் கலந்தேயிருக்கின்றனர்.

என் அபிப்பிராயத்தில், உற்றார், அயலார் என்ற பாகுபாடு பெரிதும் நோக்குபவருடையது. வம்சாவளி ஏடு குரங்கிடம் இல்லை. ஒரு மந்தி பல கடுவன்களோடு கூடுவதால் தந்தை யாரென்பதும் எளிதிற் புலப்படுவதில்லை. ஒரே மடியில் வளர்ந்து ஒரே கிளையில் உறங்கியதால் ஏற்பட்ட பரிச்சயமே குரங்குக்கு உறவு. தாய்வழியோர் நெருங்கியிருப்பதற்கு முதற்காரணம் அவர்கள் என்றும் அருகிலிருப்பதே. அப்பரிச்சயத்தை அயற்கடுவன் பேன் பார்ப்பதாலும் பொறுமையாலும் காலப்போக்கிலே ஈட்டிக்கொள்கிறான்.

மாத்தளைக் கமக்காரருக்கு இது வெறும் ஏட்டு விவகாரமன்று. குரும்பையையும் காய்கறியையும் பறிகொடுத்து நிற்பவரின் கோபம் நியாயமானதே. 2023இல் ஓர் இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை பேசப்பட்டதும், பிடித்து வேறு காட்டில் விடுக என்ற கோரிக்கை அடிக்கடி எழுவதும் அக்கோபத்தின் விளைவுகளே. ஆயினும் இவ்விரண்டும் குரங்கைத் தலைக்கணக்கால் மட்டுமே அளக்கின்றன. கூட்டத்தின் ஒரு பகுதியை வாரிக்கொண்டு போய் வேறிடத்தில் விட்டால், பரிச்சயத்தால் அமைந்த வரிசை இரு புறமும் குலையும். வந்தேறிய மந்திகள் அங்குள்ள குடும்பங்களின் பகையையே எதிர்கொள்ளும். இரையுரிமை இழந்த அவை அக்காட்டை அடுத்த தோட்டங்களை நாடுமென எதிர்பார்ப்பதே பொருத்தம்.