தென்காசி வட்டாரம் (1918 - 1939)

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில், திருநெல்வேலி ஜில்லாவின் மேற்கெல்லையாகிய தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷாரின் சென்னை ராஜதானியிலும், அவற்றிலிருந்து சில மைல் தூரமே விலகியிருந்த செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் அமைந்திருந்தபடியால், ஒரே சாரலில் நனைந்து ஒரே பாஷை பேசிய ஜனங்கள் இருவேறு சட்டங்களுக்கு உட்பட்டு வாழ நேர்ந்தது.

இப்பிரிவினையின் பொருளை ஆலயப் பிரவேச வரலாறே நன்கு விளக்கும். சித்திரைத் திருநாள் மகாராஜா 1936 நவம்பர் 12 அன்று வெளியிட்ட பிரகடனத்தால் சமஸ்தான அரசின் ஆலயங்கள் ஹிந்துக்கள் யாவருக்கும் திறக்கப்பட்டன. எல்லைக்கு இப்பாலோ, ராஜாஜி மந்திரிசபையின் சட்டம் 1939இல் வரும்வரை ஆலயங்களைத் திறப்பதற்குச் சட்டப்பூர்வமான வழி பிறக்கவில்லை. ஒரே தெய்வத்தைத் தொழுவோரில் சிலரை வாசலுக்கு வெளியே நிறுத்திய அவ்வழக்கம் பெருங்கொடுமை என்பதில் ஐயமில்லை.

1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் சென்னை ராஜதானியையும் தாக்கிற்று. நெல் விலை வெகுவாகச் சரிந்தும் நிலவரியை ரொக்கமாகவே செலுத்த வேண்டியிருந்த குடியானவர் கடனில் அமிழ்ந்தனர்.

எனினும் அக்காலத்து இவ்வட்டாரம் தமிழுக்கு அளித்த செல்வம் அரிது. தென்காசியில் 1899இல் பிறந்த டி. எஸ். சொக்கலிங்கம், ‘மணிக்கொடி’ இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவராகி, 1934இல் ‘தினமணி’ நாளிதழின் முதல் ஆசிரியரானார். 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்டசபையிலும், பின்னர் அறநிலையத் துறையிலும் பணியாற்றிய ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், கம்பனை வாய்விட்டுப் பாடி அனுபவிக்கும் ரசனையை வளர்த்து, பிற்காலத்தில் குற்றாலத்திலேயே வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவருடைய நண்பர் குழாத்தினர்.