பெயரற்றோர் கல்லும் பெயரெழுதாப் படங்களும்

மொன்றியலிலிருந்து விக்ரோரியா பாலத்தின் வழியாகத் தென்கரைக்குச் செல்லும் எம்மவரிற் பலர், பாலத்தை அண்மித்ததும் பிறிட்ஜ் வீதியில் நிற்கும் கரிய பெருங்கல்லைக் கண்டிருப்பர். அக்கல் நாட்டப்பட்டபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படமொன்று இந்நகரில் இன்றும் பேணப்படுகின்றது.

படத்தை எடுத்தவர் வில்லியம் நொட்மன். ஸ்கொட்லாந்தில் குடும்ப வணிகம் நொடித்து, சட்டச் சிக்கலுக்கும் ஆளாகி, 1856இல் இங்கு வந்து சேர்ந்தவர். 1858இல் பாலக் கட்டுமானத்தைப் படம்பிடிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அக்காலத்திற் பிலிம்சுருள் இல்லை. கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் கரைசலைப் பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். ஆகவே ஆற்றங்கரைக்கு இருட்டறையையும் கூடவே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. (பின்னாளில் தமது படப்பிடிப்புக் கூடத்தினுள் உப்பைத் தூவிப் பனிக்காலத்தைப் படைத்தவரும் இவரே!)

கல்லின் கதை 1847இல் தொடங்குகிறது. அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியோர், 'கப்பற் காய்ச்சல்' எனப்பட்ட தைபசு நோயுடன் இங்கு கரையிறங்கினர். ஆற்றங்கரைக் கொட்டில்களில் அவர்கள் கிடத்தப்பட்டனர். அவர்களைப் பராமரிக்கச் சென்ற நகர முதல்வர் ஜோன் மில்ஸ் அவர்களும் அதே நோயால் மாண்டார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், பாலத்துக்காக மண்ணைத் தோண்டிய தொழிலாளர் எலும்புகளைக் கண்டனர். புதைகுழிகள் மேலும் சிதையக்கூடாதென, ஆற்றிலிருந்து எடுத்த ஏறத்தாழ 30 தொன் கல்லை 1859இல் அவ்விடத்தில் நாட்டினர். மாண்ட குடிவரவாளர் 6000 பேர் என அதிற் பொறித்தனர். பாலத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் பெயர்கள் கல்லில் உண்டு. மாண்டவர் ஒருவரின் பெயரேனும் இல்லை.

நொட்மன் படம்பிடித்த பாலமும் இன்று அவ்வாறே இல்லை. புகையிரதம் ஊர்ந்த இரும்புக் குழாய் 1898 அளவில் அகற்றப்பட்டது, கற்தூண்களே எஞ்சின. குழாயின் உருவத்தைக் காண அவருடைய படங்களையே நாடவேண்டும். தமது கூடத்துப் படங்களுக்கு எண்ணிட்டு, பெயருடன் பதிவேட்டில் ஒட்டிவைப்பது நொட்மனின் வழக்கம். 1956இல் அச்சேகரிப்பு மக்கில் பல்கலைக்கழகத்தை அடைந்தது. இன்று ஷேர்புறூக் வீதியிலுள்ள மக்கோட் ஸ்ருவட் நூதனசாலையில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஒருவர் தம் பாட்டனின் பெயரைச் சொல்லி அங்கே தேடலாம்.

அண்மையில் எமது அல்பங்களைத் திறந்து பார்த்தோம். கிணற்றடித் துலா, கிடுகு வேலி, முற்றத்து உரல் யாவும் தெளிவாகவே தெரிகின்றன. பல வீடுகளில் அந்த முற்றமே இன்றில்லை. உரலருகே நிற்கும் சிறுமி யாரெனக் கேட்டோம். வீட்டில் அப்பாச்சி ஒருவருக்கே தெரிந்திருந்தது. அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. படத்தின் பின்புறமோ வெறுமையாக இருந்தது.

குமிழ்முனைப் பேனாவைத் தவிர்க்கவும்; அழுத்தி எழுதினால் முன்புறத்திற் தடம் விழும். மென்மையான பென்சிலே ஏற்றது. பெயரும் ஊரும், தெரிந்தால் ஆண்டும் எழுதினாற் போதும்.